டேட் ஐயா வைன் வாங்கிய கதை

கடவுளின் பிரசாதத்துக்கே காலாவதித் திகதி கேட்ட ஒரே மனிதர், மாத்தளை மாவட்டம் முழுக்கத் தேடினாலும், எங்கள் தெரு டேட் ஐயாதான். கோயிலில் பஞ்சாமிர்தத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, "சாமி, இது எப்ப செஞ்சது?" என்பார். "இப்பதாங்க" என்று ஐயர் சொன்னால், "இப்பன்னா எத்தன மணிக்கு?" என்பார். மரண வீட்டில் பிஸ்கட் பக்கட்டைத் திருப்பி 'டேட்' பார்த்த பிறகுதான் துக்கம் விசாரிப்பார்.

அவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற விஷயத்தைக் கடைக்காரர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. அவர் தெருவில் இறங்கினால் எங்கள் ஊர் பலாபத்வல பேக்கரிகளில் பணிஸ் எல்லாம் தானாகவே கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறிவிடும்.

இந்த மனிதரைக் கூட்டிக்கொண்டு நான் வைன் வாங்கப் போனேன்.

என் மகளைப் பார்க்க நீர்கொழும்பிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது. பையன் அவளோடு கொழும்பில் வேலை செய்கிறவன். இருவருக்கும் பிடித்துப்போயிருந்தது, பெற்றவர்களுக்குப் பிடிக்க வேண்டியதுதான் பாக்கி. மகள் போனில் சொன்னாள்: "அம்மா, அவங்க வீட்ல விசேஷச் சாப்பாடுன்னா வைன் வைப்பாங்க. ஒரு போத்தல் வாங்கி வைங்க. சிவப்பு. இனிப்பா எடுத்துடாதீங்க."

கணவர் கட்டாரில். நானோ டீச்சர். எங்கள் ஊர் வைன் ஸ்டோர்ஸில் நிற்பவர்களில் பாதிப்பேர் என் மாணவர்களின் அப்பாமார். சனிக்கிழமை போயா, பௌர்ணமி விடுமுறை, கடை பூட்டு. வெள்ளிக்கிழமை பின்னேரம் வேறு வழியின்றி டேட் ஐயாவின் கதவைத் தட்டினேன்.

"நான் பொறந்ததுலருந்து அத தொட்டதில்ல டீச்சர்," என்றார். "ஆனா போத்தல்னா போத்தல்தானே. பாத்துக்கலாம், வாங்க."

கடை வாசலில் அவர் தலை தெரிந்ததும் வரிசை கலைந்தது. ஒருவர் வாங்கியதை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு பஸ் பிடிக்க ஓடினார். முதலாளி கம்பி வலைக்குப் பின்னாலிருந்து எழுந்து சட்டைப் பொத்தானைப் போட்டார். "ஐயா, லைசன் எல்லாம் சரியா இருக்குங்க!"

"வைன் காட்டுங்க."

வைன் ஸ்டோர்ஸ் என்று பெயர்தான். உள்ளே இருந்ததெல்லாம் சாராயமும் பியரும். மேல்தட்டில் மட்டும் மூன்று சிவப்புப் போத்தல்கள் தூசி பிடித்து நின்றன. டேட் ஐயா கண்ணாடியை மாட்டி, முதல் போத்தலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"முடிவுத் திகதி எங்க?"

"வைனுக்கு அப்படி ஒண்ணு இல்லீங்க. வருஷம் மட்டுந்தான்."

"ஏழு வருஷத்துக்கு முந்தின சாமானா? டீச்சர், இது நேரா கோர்ட்டுக்குப் போற கேஸ்!"

"பழசானாத்தாங்க நல்லதுன்னு சொல்றாங்க."

"இதையேதான் எல்லாரும் என்கிட்ட சொன்னாங்க. கெட்டுப்போன மாசிக் கருவாட்டுத் தூள் வித்தவனும் சொன்னான்."

இரண்டாவது போத்தல் யன்னல் வெயிலில் நின்றதால் வேண்டாமென்று ஒதுக்கினார். அதன் கார்க்கைத் தட்டிப் பார்த்து, "மரம். பூஞ்சணம் புடிக்கும்" என்று இன்னொரு குற்றமும் சேர்த்தார். மூன்றாவது நிழலில் இருந்தது, வருஷமும் புதிது, திருகு மூடி, சீல் உடையவில்லை. "இதக் குடுங்க."

"இனிப்பா இருக்குமா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"யாரு கண்டா டீச்சர்," என்றார் முதலாளி. "இதுவரைக்கும் ஒருத்தரும் வாங்கினதில்ல."

ஞாயிற்றுக்கிழமை ஆண் துணைக்கென்று டேட் ஐயாவையும் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தேன். மாப்பிள்ளையின் அப்பா அளந்து பேசுகிறவர். அம்மா பேசவே இல்லை. பதற்றத்தில் நான் நெல்லிக் கோடியல் சர்பத் ஊற்றும் கிளாஸ்களில் வைனை விளிம்பு வரை ஊற்றிவிட்டேன். சிந்தாமல் தூக்க வழியில்லாமல் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மகள் மேசைக்கடியில் என் காலை மிதித்தாள்.

அப்போது டேட் ஐயா எழுந்தார்.

"யாரும் வாய் வைக்காதீங்க. இதுல முடிவுத் திகதி போடல. மொதல்ல நான் பாக்குறேன்."

சம்பந்தம் முறிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் ஒரு மிடறு விழுங்கி, வேப்பெண்ணெய் குடித்த பிள்ளை போல முகத்தைச் சுருக்கி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். சோறு ஆறியது.

மாப்பிள்ளையின் அம்மா முதல் தடவையாக வாய் திறந்தார். "ஐயா... எப்படி இருக்கு?"

"இனிப்பு இல்ல. கசக்குது. ஆனா உயிர் இருக்கு."

அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்தினார், அடக்க முடியவில்லை. மாப்பிள்ளையின் அப்பா கண்ணீர் வரச் சிரித்தார். "டீச்சர், இப்படி ஒருத்தர் இருக்கிற வீட்ல பொண்ணு எடுத்தா, என் மகன் சாப்பாட்டுக்குப் பயப்படாம வாழ்வான். மாசத்தைச் சொல்லுங்க!" போத்தல் காலியாகும் முன்பே கல்யாணம் ஆவணியில் என்று முடிவாகிவிட்டது.

அவர்கள் புறப்பட்ட பிறகு டேட் ஐயா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"பழக்கமில்லாத நீங்க ஏன் ஐயா குடிச்சீங்க?"

"போத்தலைத் தெரிஞ்செடுத்தது நான். அவங்களுக்கு ஏதும் ஒண்ணுன்னா நம்ம புள்ள கல்யாணம் என்னாகும் டீச்சர்?"

'நம்ம புள்ள' என்றார். ஒரு மிடறுக்கே அவருக்குக் கால் தள்ளாடியது. கையைப் பிடித்து வீடுவரை கூட்டிப் போனேன். நாலு வீடு தள்ளித்தான் அவர் வீடு. அந்தக் கையை விட மனமில்லாமல் மெதுவாகவே நடந்தேன்.