அசையும் சுவர்

யாழ்ப்பாணம் அரசாங்கக் கச்சேரியில் முப்பது வருடம் கிளாக்கராக இருந்து இளைப்பாறிய கனகசபாபதி, ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தேழாம் ஆண்டு தை மாதம், தமது வீட்டு ஹோலுக்கு லட்சணம் போதாது என்ற முடிவுக்கு வந்தார். மகள் பத்மாவதிக்குச் சாவகச்சேரியிலிருந்து சம்பந்தம் வந்திருந்தது. படித்த வீடுகளில் இப்போது சுவரைக் குடைந்து புத்தகத்தட்டு வைக்கிறார்கள் என்று தரகர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

குருநகரிலிருந்து மேசன் சிமியோன் வந்தார். மேற்குச் சுவர் ஒன்றரை முழத் தடிப்பு. அதைக் குடைந்து நாலு தட்டுகள் வைத்தார். ஊருக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்கார எஞ்சினியரின் புத்தகங்களை ஏலத்தில் எடுத்துக் கனகசபாபதி அடுக்கினார். எல்லாம் தோல் மட்டை; எல்லாம் மதகு கட்டுவது பற்றியவை. பத்மாவதியின் சொந்தப் புத்தகங்களுக்கு அங்கே இடமில்லை. அவை வாசித்து வாசித்து மட்டை கிழிந்தவை.

"வாசிச்ச புத்தகம் பார்வைக்கு நல்லாயிராது பிள்ளை" என்றார் தகப்பன்.

மூன்றாம் நாள் கட்டடப் பரிசோதகர் மார்க்கண்டு அளவு நாடாவோடு வந்து சேர்ந்தார்.

"சுவரிலை யன்னல் வெட்ட ஆரிட்டை அனுமதி எடுத்தனீங்கள்?"

"யன்னல் இல்லை ஐயா. அலுமாரி."

"அலுமாரி எண்டால் தளபாடம். தளபாடம் எண்டால் அசையும். அசைச்சுக் காட்டுங்கோ பாப்பம்."

"சுவரோடை இருக்கிறது எப்பிடி அசையும்?"

"அப்ப அது யன்னல். காத்து வருகுதோ?"

"பின்னாலை சுவரெல்லோ."

"காத்து வராத யன்னல் சுகாதாரத்துக்குக் கேடு. ஒண்டில் பின்பக்கத்தையும் உடையுங்கோ, இல்லாட்டில் மூடுங்கோ."

கனகசபாபதியின் மனைவி குணலட்சுமி தேத்தண்ணீரும் பயற்றம் பணியாரமும் கொண்டுவந்து வைத்தார். நாலாவது பணியாரத்தில் மார்க்கண்டுவுக்கு வழி தென்பட்டது.

"சுவர் முழுக்கவே அலுமாரி எண்டு எழுதிவிடுவம். அலுமாரியிலை தட்டு இருக்கிறதிலை பிழை இல்லை."

"சுவர் அசையாதே?"

"இதுவரைக்கும் அசைக்கிற தேவை உங்களுக்கு வரேல்லை. அவ்வளவுதான்."

பத்து நாளில் அத்தாட்சிப் பத்திரம் வந்தது. 'மேற்படி வீட்டின் மேற்குப் பக்கத்தில் இருப்பது சுவரன்று. பதினெட்டடி நீளமான அலுமாரி. வேண்டிய இடத்துக்கு எடுத்துச் செல்லத்தக்கது என இத்தால் உறுதிப்படுத்தப்படுகிறது.' கனகசபாபதி அதற்குக் கண்ணாடி போட்டு அதே சுவரில் மாட்டினார்.

மாசியில் மாப்பிள்ளையின் தகப்பன் இளையதம்பி வந்தார். காணிப் பதிவுக் கந்தோரில் வேலை பார்த்தவர். அவர் புத்தகங்களைப் பார்க்கவில்லை. பெண்ணைக்கூட அரைப் பார்வைதான் பார்த்தார். பத்திரத்தை மட்டும் இரண்டு தரம் வாசித்தார்.

"சீதனம் தோட்டக் காணியும் வீட்டுத் தளபாடம் முழுவதும். அப்பிடித்தானே பேச்சு?"

"ஓம்."

"அப்ப உந்த அலுமாரியும் வரவேணும்."

"அது சுவர் அண்ணை!" என்றார் குணலட்சுமி.

"கடதாசி அப்பிடிச் சொல்லேல்லையே தங்கச்சி."

எல்லோரும் கனகசபாபதியைப் பார்த்தார்கள். கடதாசியில் இல்லாதது உலகத்திலும் இல்லை என்று முப்பது வருடம் சனங்களைத் திருப்பி அனுப்பியவர் அவர். கடதாசி பொய் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"ஐயா, சுவரைக் குடுத்தால் கூரை?" என்று பத்மாவதி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள்.

"கூரையைப் பற்றி அதிலை ஒண்டும் எழுதேல்லைப் பிள்ளை" என்றார் கனகசபாபதி, நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

வைகாசியில் கலியாணம் சிறப்பாக நடந்தது. சிமியோன் கூரைக்குப் பனைமரத்தில் முண்டு கொடுத்துவிட்டுச் சுவரைக் கல் கல்லாகக் கழற்றினார். ஒன்பது மாட்டுவண்டிகள் சாவகச்சேரிக்குப் புறப்பட்டன. கடைசி வண்டியில், கல்லுகளுக்கிடையில், பத்மாவதி தன் கிழிந்த மட்டைப் புத்தகங்களையும் ஏற்றினாள். மதகுப் புத்தகங்களைத் தகப்பனுக்கே விட்டுவிட்டாள்.

தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று ஹோலுக்குள் நேரே வந்து, கனகசபாபதியின் சால்வையை அடுப்படி வரைக்கும் கொண்டுபோனது. மார்க்கண்டு வந்து பார்த்து, காற்றோட்டம் திருப்தி என்று எழுதிக்கொண்டு போனார்.

ஊரிலே நாங்கள் முதலில் வாய்விட்டுச் சிரித்தோம். பிறகு, மகளுக்குச் சுவரே கொடுத்த மனிசன் என்று அவரைப் பற்றிக் கோயில் வீதியில் கொஞ்சம் மரியாதையாகக் கதைத்தோம். அடுத்த வருடம் இரண்டு வீட்டார் சீதனத்தோடு சுவர் கொடுத்தார்கள்.

போன கிழமை என்னுடைய மகளைப் பெண்பார்க்க வந்தார்கள். நகை பேசினார்கள், காணி பேசினார்கள். பிறகு, எந்தச் சுவர் என்று கேட்டார்கள்.

கிழக்குச் சுவர் என்றேன். அவர்கள் முகம் சுளித்தார்கள். நல்ல இடத்துச் சம்பந்தம், விடலாமா? வடக்குச் சுவரையும் சேர்த்துக்கொண்டோம்.