மோதகம் பிடித்த விரலுக்கு விடுதலை

பேரன்புக்குரிய பத்மாசனி மாமி அவர்கட்கு,

பரந்தனிலிருந்து தங்கள் அண்ணன் மகள் மேனுகா பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு அப்பா நலம், அம்மா நலம், நானும் நலம். எனது கணையம் மட்டும் வழமைபோல் வேலைநிறுத்தத்தில் உள்ளது. அவ்வண்ணமே புதுக்குடியிருப்பில் தாங்களும், தங்கள் கோழிகளும், என்னைக் கண்டால் மட்டும் கொத்த வருகின்ற அந்தச் சிவப்புச் சேவலும் சுகமாயிருக்க வைரவரை வேண்டுகிறேன். போன் அடிச்சால் நீங்கள் எடுக்கிறியள் இல்லை. வட்ஸ்அப்பில வாசிச்ச அடையாளம் மட்டும் நீலமா விழுகுது, பதில் விழுகுதில்லை. அதாலதான் கடிதம். கோவத்தில கிழிச்சாலும் வாசிச்சுப்போட்டுத்தான் கிழிப்பியள் எண்டு எனக்குத் தெரியும்.

மாமி, வைரவர் பொங்கலண்டு நடந்ததை நான் திரும்ப ஒருக்கா விசாரிச்சிருக்கிறன். எனக்குச் சீனி வருத்தம் வந்த நாளில இருந்து எங்கட வீட்டில ஒரே வழக்குத்தானே, இது ஆரின்ர இரத்தத்தால வந்தது எண்டு. டொக்டர் மரபணு எண்டு ஒரு சொல்லுத்தான் சொன்னவர். அதில மரபை அம்மாவின்ர ஆக்கள் தங்களுக்கு எண்டு எடுத்துக்கொண்டு, அணுகுண்டை அப்பாவின்ர பக்கம் எறிஞ்சிட்டினம். 'பிள்ளையின்ர அப்பப்பாவுக்கும் கிழட்டு வயசில சீனி இருந்ததுதானே' எண்டு சாட்சி வேற. அண்டைக்குப் பானை இறக்க முதலே அம்மாவின்ர தம்பி சஜீவன் மாமா என்ர சீனி பாக்கிற மெசினைத் தூக்கிக்கொண்டு வந்து, 'எல்லாரும் விரலை நீட்டுங்கோ, இண்டைக்கு வேரைக் கண்டுபிடிக்கிறன்' எண்டு கோயில் மரத்துக்குக் கீழ கிளினிக் திறந்தார். போன் திருத்திற மனுசனுக்கு மெசின் எது சொன்னாலும் வேதவாக்கு. அம்மாவின்ர ஆக்கள் எல்லாரும் குளிச்சு முழுகி வைரவருக்கு மடை படைக்க நிண்டவை, சுத்தமான கை. நீங்கள் மட்டும் மோதகத்துக்குச் சர்க்கரையும் பயறும் பிசைஞ்சுகொண்டு இருந்தனீங்கள். கூப்பிட்டவுடன சீலையில துடைச்சுப்போட்டு விரலை நீட்டினீங்கள். மெசின் எண்ணே காட்டேல்லை, 'ஹை' எண்டு எழுதிக் காட்டிச்சு, அளவுக்கு மேல எண்டு அர்த்தம். 'வந்த வழி தெரிஞ்சிட்டுது மச்சாள்' எண்டார் மாமா. அம்மா உங்களை ஒரு பார்வை பாத்தா. நீங்கள் மோதகத்தை அரைவாசியில விட்டுப்போட்டு, 'என்ர இரத்தம்தான் பிள்ளையைப் பிடிச்சிருக்கு' எண்டு சொல்லிக்கொண்டே பஸ் ஏறினனீங்கள். சனிக்கிழமை தவறாமல் வந்த நீங்கள், அதுக்குப் பிறகு ஒரு சனிக்கிழமையும் வரேல்லை.

போன கிளினிக்கில நான் மாம்பழம் உரிச்ச கையோட விரலை நீட்ட, நேர்ஸ் 'கழுவிப்போட்டு வா பிள்ளை, பழச்சாறு பட்டால் மெசின் பொய் சொல்லும்' எண்டா. எனக்கு உச்சந்தலையில மின்னல். வீட்டை வந்து சஜீவன் மாமாவுக்கு ரொட்டியும் சர்க்கரையும் குடுத்தன். அவர் விரல் நக்கி முடிய முதல், 'மாமா, மெசின் பழுதோ எண்டு ஒருக்காப் பாப்பம்' எண்டு குத்தினன். உங்களுக்குக் காட்டின அதே 'ஹை'! இருந்த கதிரையில மனுசன் அப்பிடியே சரிஞ்சார். 'அக்கா, கண் மங்குது. கால் விறைக்குது.' கடைத் திறப்புக் கொத்தை எடுத்து அம்மாவின்ர கையில வைச்சு, 'என்ர பிள்ளையளைப் பாத்துக்கொள்ளுங்கோ' எண்டார். நான் அவரைக் கிணத்தடிக்கு நடத்திக்கொண்டு போய், சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, மற்ற விரலில குத்தினன். தொண்ணூற்றாறு. 'மாமா, உங்கட வருத்தத்தைச் சோப்பு மாத்திட்டுது' எண்டன். பொங்கலுக்குப் பிறகு அப்பா அண்டைக்குத்தான் வாய்விட்டுச் சிரிச்சவர். அம்மா சிரிக்கேல்லை. கனநேரம் கிணத்தடியிலயே நிண்டா.

இவ்வளவும் காணாது எண்டு டொக்டரையும் கேட்டன், இது எனக்கு ஆர் தந்த சீதனம் எண்டு. அவர் சொன்னார், இது வயசு போனவைக்கு வாற சீனி இல்லையாம். உடம்பைக் காக்கிற காவல்காரர் சொந்தக் கணையத்தையே எதிரி எண்டு நினைச்சு அடிச்சு முடிச்சதாலதான் வந்ததாம். அப்பிடிப் புத்தி பிசகக் காரணமான மரபணுக்கள் அம்மாவிட்ட இருந்தும் வருமாம், அப்பாவிட்ட இருந்தும் வருமாம், எனக்கு வந்தது சரியாப் பாதிக்குப் பாதியாம். அதுகள் இருக்கிற கனபேருக்கு வருத்தமே வாறதில்லையாம். வேற ஏதோ ஒண்டும் சேரோணுமாம், அது என்னெண்டு உலகத்தில ஒருத்தருக்கும் வடிவாத் தெரியாதாம். கேட்டியளோ மாமி? பாதிக்குப் பாதி, வயல் பங்கு பிரிச்ச மாதிரி. ஆகவே மோதகம் பிடித்த விரல் நிரபராதி என இத்தால் தீர்ப்பளிக்கப்படுகின்றது.

இப்ப சனிக்கிழமையில புதுக்குடியிருப்பு பஸ் வாற நேரம் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்திக்குப் போறனான். சும்மாதான். ஆரும் பெரிய பையோட இறங்கினால் முகம் தெரியுமட்டும் பாத்துக்கொண்டு நிப்பன். பேந்து, காத்து நிறைஞ்சிருக்கிற சைக்கிள் ரயரையே அமத்திப் பாத்துப்போட்டு வீட்டை வருவன். ஊசி நானே போடுறன், நோகுதில்லை. ஆனா கதை இல்லாமல் போடுறன். ஒவ்வொரு ஊசிக்கும் துண்டு துண்டாச் சொன்னியளே ஒரு ஆனைக் கதை, அந்த ஆனை பளைக்குப் போற பஸ்ஸில ஏறி, இருக்க இடம் கேட்டு கொண்டக்டரோட சண்டை பிடிச்சபடி அப்பிடியே நிக்குது. நானே அதை முடிச்சுப் பாத்தன், சிரிப்பு வரேல்லை. அம்மா சனிக்கிழமையில புட்டைக் கூடுதலா அவிக்கிறா. 'ஆருக்கம்மா இவ்வளவு?' எண்டால் 'மா கூடிப்போச்சு' எண்டுறா. ஒவ்வொரு சனியுமோ மா கூடுறது? 'மாமியைக் கூப்பிடுங்கோவன்' எண்டன். 'நான் என்ன, வாசல் படலையைப் பூட்டியோ வைச்சிருக்கிறன்?' எண்டுபோட்டுக் குசினிக்குள்ள போனவா, வெளியில வர நேரமெடுத்தது.

சின்னவள் பெரியவையை ஆசீர்வதிக்கக் கூடாது என்பதால், அதைத் தங்களிடமே வேண்டி நிற்கிறேன். கோழிகளுக்கு என் அன்பையும், சேவலுக்கு என் கடும் எச்சரிக்கையையும் தெரிவிக்கவும்.

தங்கள் வரவை முற்றுமுழுதாக மருத்துவக் காரணங்களுக்காக மட்டுமே எதிர்பார்க்கும்,
மருமகள்
யோ. மேனுகா

பி.கு.: மாமி, டொக்டர் பாதிக்குப் பாதி எண்டு சொல்லேல்லை. 'எந்தப் பக்கத்தால எவ்வளவு எண்டு சொல்லேலாது பிள்ளை, ஒரு பக்கத்தால கூடவும் வந்திருக்கலாம்' எண்டுதான் சொன்னவர். மிச்சம் என்ர கைச்சரக்கு. அதால மேல எழுதின வழக்கு, சாட்சி, தீர்ப்பு எல்லாத்தையும் வெட்டிவிடுங்கோ. முழுக்க உங்கட இரத்தத்தாலயே வந்திருந்தாலும் எனக்கு ஒண்டுமில்லை. இந்த வாயும் அங்கயிருந்துதானே வந்தது, அதைத் திருப்பித் தர நான் கேட்டனானோ? வாங்கோ, மாமி.