பாலத்தில் மாட்டிக்கொண்ட மணி

சிகாகோ, 26-ஆம் தெரு
செப்டம்பர் 18

மதிப்பிற்குரிய ஆசிரியர் திருமதி ரெமெதியோஸ் உரிபே அவர்களுக்கு,

எவரிஸ்தோ செந்தேஹாஸ் பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும், தங்கள் குடும்பமும், தங்கள் அச்சு இயந்திரமும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே நானும் என் மனைவி எடுவிகெஸும் நலம். தொண்டை மட்டும் நலமில்லை, காரணம் கீழே வருகிறது.

பதினோரு வருடமாக ஒவ்வொரு செப்டம்பரும் நான் புகார்க் கடிதம் எழுதுவது தாங்கள் அறிந்ததே. தாய்நாட்டின் சுதந்திர தினம் என்று சொல்லிக்கொண்டு நம் பிள்ளைகள் காரில் கொடியைக் கட்டி, ஜன்னல் வழியாக இடுப்பு வரை வெளியே தொங்கி, விடாமல் ஹாரன் அடித்து, நகரத்தின் நடுப்பகுதியையே அடைத்துப்போடுவதைக் கண்டித்து எழுதுவேன். தாங்களும் இரண்டு வரி வெட்டிவிட்டு வெளியிடுவீர்கள். வெட்டிய இரண்டும்தான் நல்ல வரிகள், போகட்டும். இந்த வருடம் எழுதுவது நன்றிக் கடிதம். வேறு யாரோ என்று நினைக்க வேண்டாம், நானேதான்.

விஷயம் இதுதான். நம் பூங்கா விழாவில் மேடையேறி, மணியடித்து, விடுதலை வீரர்களின் பெயர்களை முழங்குகிற பாக்கியம் வருடா வருடம் மெத்தைக்கடை ஃபுல்ஹென்சியோவுக்கே போகும். நாற்பத்தோரு வருடமாக நான் கீழே நின்று "வீவா, வாழ்க!" என்று பதில் கத்துகிற கூட்டத்தில் ஒருவன். மிட்டாய் கம்பெனியில் இரண்டாம் ஷிஃப்டில் இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி வளர்த்த குரல் இது. ஒரு தடவையாவது நான் பெயரைச் சொல்ல, ஊர் பதில் சொல்ல வேண்டும் என்று ஆசை. இந்த வருடம் விழாக் குழு சீட்டுக் குலுக்கியது, என் பெயர் வந்தது. எடுவிகெஸ் அழுதாள். அழுது முடித்ததும், வியாழன் முதல் நான் வாயே திறக்கக் கூடாது என்று உத்தரவு போட்டாள். மூன்று நாள் தேனும் வெங்காயச் சாறும்தான். வீட்டில் சத்தமே இல்லையே, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று மாடிக்காரர் வந்து விசாரித்தார்.

ஞாயிறு மாலை ஏழு மணிக்கு முழக்கம். மணி வேண்டுமே! வடக்கே ஒரு தேவாலயத்தில் வேலை பார்க்கும் என் மைத்துனன் இரவல் தந்தான், பூசணிக்காய் அளவு இருக்கும். முன்சீட்டில் வைத்து சீட் பெல்ட் போட்டுவிட்டேன். "மேற்கே சுத்தி வந்துடுங்க, ஆத்துப் பாலம் பக்கம் போயிடாதீங்க" என்று எடுவிகெஸ் சொல்லித்தான் அனுப்பினாள். நாலு மணிக்கு மேல் புத்தியுள்ளவன் அந்தப் பாலத்தில் ஏற மாட்டான் என்று போன வருடம் தங்கள் இதழில் எழுதியவனும் நான்தான். நாலரைக்குப் பாலத்தில் ஏறினேன். ஆறு மணிக்கும் அதே பாலத்தில்தான் இருந்தேன். முன்னால் கொடி, பின்னால் கொடி, காதெல்லாம் ஹாரன். தலையை வெளியே நீட்டி "வழி விடுங்கடா!" என்று ஒரு மணி நேரம் கத்தியதில் மூன்று நாள் சேர்த்து வைத்த குரல் அங்கேயே தீர்ந்துபோனது. ஆறரைக்கு எடுவிகெஸ் போன் செய்தாள்.

"எங்கங்க இருக்கீங்க?"

"பாலத்துல."

"எந்தப் பாலத்துல?"

ஹாரன் சத்தமே சொல்லட்டும் என்று போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன். அவள் திட்டவில்லை. "சரி, வண்டிய பாத்து ஓட்டிட்டு வாங்க. மேடையில ஃபுல்ஹென்சியோவ ஏறச் சொல்றாங்க" என்றாள். அவள் திட்டியிருந்தால் தேவலை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் அம்மா, ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதுவிட்டேன்.

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். முன்னால் நின்ற சிவப்பு டிரக்கை ஓட்டி வந்த பெண், பெயர் யாரெட்ஸி, பல் ஆஸ்பத்திரியில் வேலையாம். "என்ன தாத்தா, கொடிகூட இல்லாம துக்க வீட்டுக்கா போறீங்க? பக்கத்துல பெல்ட் போட்டு என்ன உக்காந்திருக்கு?" என்றாள். எனக்கு அறுபத்தாறுதான், தாத்தாவாம். எல்லாவற்றையும் சொன்னேன், பெயரையும் சொன்னேன், அதுதான் தப்பு.

"செந்தேஹாஸா? வருஷா வருஷம் பேப்பர்ல எங்கள திட்டுறது நீங்கதானா! போன வருஷம் என் வண்டி நம்பரோட எழுதினீங்களே! எங்கம்மா அத வெட்டி ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்காங்க, வர்றவங்களுக்கெல்லாம் காட்டுவாங்க."

நான் கண்ணாடியை ஏற்றினேன். அவள் கதவைத் திறந்தாள். "இறங்குங்க தாத்தா. உங்களுக்குக் கூட்டந்தானே வேணும்? இங்க இல்லாத கூட்டமா?"

மணியை அவளும், நெரிசலில் விற்றுக்கொண்டிருந்த சோளக்கதிர் வண்டிக்கார அம்மாவும் தூக்க, நான் டிரக்கின் பின்புறம் ஏறினேன். அவள் வாயில் விரலை வைத்து ஒரு விசில் அடித்தாள். என் பதினோரு கடிதத்துக்கு நிற்காத ஹாரன் அந்த ஒரு விசிலுக்கு நின்றது. பாலம் முழுக்க என்னைப் பார்த்தது. மணியை அடித்தேன். இதால்கோ என்றேன், கரகரவென்று வந்தது, "வீவா!" என்று ஆறே அதிர்ந்தது. மொரேலோஸ் என்றேன், "வீவா!" மூன்றாவது பெயர் வரவில்லை. பெயர் எழுதிய காகிதம் பூங்காவில் எடுவிகெஸின் கைப்பையில் இருந்தது. என்ன செய்வேன், "மிட்டாய் கம்பெனி இரண்டாம் ஷிஃப்ட்!" என்றேன். அதற்கும் "வீவா!" அவ்வளவுதான், ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். பஸ் டிரைவர் ஜன்னல் வழியாக, "பெரியவரே, எங்க குவாத்தமாலாவுக்கும் இன்னைக்குத்தான் சுதந்திரம், அதையும் சொல்லுங்க!" என்றார், சொன்னேன். ஹோண்டுராஸ், சொன்னேன். என்னை இறக்கிவிட வந்த போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு, "சீக்கிரம் முடிங்க மாமா... எங்க ஊரு துராங்கோ சொல்லிட்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். அதையும் சொன்னேன். கடைசியில் "எடுவிகெஸ்!" என்று கத்தினேன். யார் எவர் என்று ஒருத்தரும் கேட்கவில்லை, மொத்தப் பாலமும் "வீவா!" என்றது. சட்டைப் பையில் இருந்த போனை நான் அணைக்கவே இல்லை, அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஊரே கூடி என் பேரையா கத்தணும், மானம் போச்சு" என்றாள். அவள் அழுதுகொண்டேதான் சொன்னாள்.

ஆகவே, அம்மா, பாலத்தை அடைத்த பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. பதினோரு கடிதத்தையும் திரும்பப் பெறுகிறேன். இதை ஒரு வரிகூட வெட்டாமல் வெளியிட வேண்டும். குவாதலூப்பே அன்னை தங்களுக்கும் தங்கள் சந்தாதாரர்களுக்கும் நீண்ட ஆயுள் தரட்டும்.

இப்படிக்கு,
தொண்டை கட்டிய, மனம் நிறைந்த
எவரிஸ்தோ செந்தேஹாஸ்

பி.கு.: மேலே உள்ள எதையும் தயவுசெய்து வெளியிட வேண்டாம். கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் விழாக் குழுவினர் வீட்டுக்கு வந்தார்கள். "பாவம், நெரிசல்ல மாட்டி வாய்ப்ப விட்டுட்டீங்களே, அடுத்த வருஷம் சீட்டே குலுக்கப் போறதில்ல, மேடை உங்களுக்குத்தான்" என்றார்கள். நானும் பாலத்தில் முழங்கியதைச் சொல்லாமல் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டேன். பாலத்தில் எடுத்த படங்களில் என் முகத்தைக் கொடி மறைத்திருக்கிறது, கடவுள் கிருபை. எனவே வழக்கமான புகார்க் கடிதம் இத்துடன் இணைத்துள்ளேன், அதையே போடவும். சிவப்பு டிரக் நம்பரை இந்த வருடமும் சேர்த்திருக்கிறேன். யாரெட்ஸியிடம் சொல்லிவிட்டேன். அவள் அம்மா ஃப்ரிட்ஜில் இன்னும் இடம் இருக்கிறதாம்.