சர்வர் எழுந்துவிட்டது, மாமா

செஞ்சி,
சனிக்கிழமை மாலை

மதிப்பிற்குரிய நெடுமாறன் மாமாவுக்கு, மணிமொழி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நைனா, அம்மா, நான், மாடுகள் எல்லாரும் நலம். தளவானூரில் நீங்களும் மங்கை அக்காவும் நலமாக இருப்பீர்கள். போனில் பேசினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் கடிதமாகவே டைப் செய்து அனுப்புகிறேன்.

நைனா என்னை வேலையை விடச் சொல்கிறார். "பொட்டி படுத்தா நீ இன்னாத்துக்கு அழுவுற, வூட்டுக்கு வா" என்கிறார். போன மாதம் நான் சேர்ந்த ரங்கநாதன் திருமண நிலையத்தில் வரன்களின் விவரமெல்லாம் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் இருக்கிறது. அதை ஓட்டும் கம்ப்யூட்டரான சர்வரைக் கவனிப்பதுதான் என் வேலை. திங்களன்று அது படுத்துவிட்டது. நாளை வரன் பார்க்கும் கூட்டம். "அதுக்குள்ள எழுப்பலன்னா விழுப்புரத்துலேர்ந்து வேற ஆள் வெச்சிக்குவேம்மா" என்றார் முதலாளி. "எழுப்புவேன் சார்" என்றேன். அவருக்குக் கேட்டிருக்காது.

முதலில் எரர் லாகைப் படித்தேன், தனக்கு என்ன நோவு என்று சர்வர் அதில்தான் எழுதிவைக்கும், டிஸ்க்கில் இடமில்லை என்று எழுதியிருந்தது, தேடினால் முதலாளி பேரனின் காதுகுத்து வீடியோ முழுசாகக் கிடக்கிறது, "காலியா கெடந்துச்சேன்னு வெச்சேன்" என்றார், அதை நகர்த்தி எழுப்பினால் இணைப்புகள் அதிகமாகிவிட்டன, இனி யாரும் உள்ளே வர முடியாது என்றது, யார் அத்தனை பேர் என்று பார்த்தால் எல்லாமே முதலாளியம்மா வள்ளியம்மாள் ஒருவர்தான், ஜாதகத்துக்கு ஒரு ஜன்னல் திறந்து எதையும் மூடாமல் வைத்திருக்கிறார், "மூடுங்கம்மா" என்றால், "மூடுனா வரன் தட்டிப்பூடும்டி, வெள்ளிக்கெழம அதுவுமா" என்கிறார், அவர் காபி குடிக்கப் போனதும் நானே மூடினேன், உடனே கரண்ட் போனது, யூபிஎஸ் இருக்கிறதே என்று தைரியமாக நின்றேன், அது கோயில் திருவிழா ரேடியோ செட்டுக்குப் போயிருந்தது, கரண்ட் வந்தபோது தகவலெல்லாம் சிதைந்து கிடந்தது, ரிப்பேருக்கும் தேறவில்லை, பேக்கப் நகல் எங்கே சார் என்றேன், பூஜை அறையிலிருந்து சந்தனம் குங்குமம் வைத்த ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்தார், "வருசா வருசம் ஆயுத பூஜைக்கு கரெக்டா எடுத்துடுவேம்மா!"

நான் அழவில்லை மாமா. அதையே ஏற்றினேன். போன ஆயுத பூஜைக்குப் பிறகு பதிந்தவர்களின் விண்ணப்பங்களை ஒன்றுவிடாமல் நானே டைப் செய்தேன். இன்று மதியம் சர்வர் ஓடியது. பொருத்தமான வரன் விவரம் எல்லாருக்கும் தானாகவே மெசேஜில் போனது. இனி தினமும் பேக்கப் எடுக்கும்படி வைத்துவிட்டேன். யாரும் பொட்டு வைக்க வேண்டியதில்லை. நீங்கள் நாளை வந்து, மணிமொழி தவறே செய்ய மாட்டாள் என்று நைனாவிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

நீங்களும் அக்காவும் ஒரு குறையும் இல்லாமல் சேர்ந்தே இருக்க வேண்டிக்கொள்ளும்,
உங்கள் கொழுந்தியாள்,
மணிமொழி

பின்குறிப்பு: மாமா, புதிதாக வந்தவர்களைச் சேர்த்தேனே தவிர, இடையில் கல்யாணமாகிப் போனவர்களை எடுக்க மறந்துவிட்டேன். பழைய பேக்கப்பில் அவர்கள் மறுபடி வரன்கள். போன ஆயுத பூஜையின்போது நீங்களும் எங்கள் நிலையத்தில் வரன்தானே. தையில்தானே அக்காவைக் கட்டினீர்கள்! "சொந்த நிலம், கெட்ட பழக்கம் இல்லை" என்று உங்கள் போட்டோவுடன் மெசேஜ் போயிருக்கிறது. முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை, "ஒரே நாள்ல இவ்ளோ போன் வந்ததே இல்ல, கெட்டிக்காரிம்மா நீ!" என்கிறார். நான் சர்வரில் ஒவ்வொருவருக்காய் மறுபடி கல்யாணம் செய்துவைத்துக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கு முதலில் முடித்துவிட்டேன். ஆனால் மண்டகப்பட்டிலிருந்து ஒரு பெண் வீட்டார் தளவானூருக்கு மாப்பிள்ளை பார்க்க வேன் வைத்துக் கிளம்பிவிட்டார்களாம். நைனாவிடம் பிறகு பேசலாம். முதலில் அக்காவிடம் பேசிவிடுங்கள்.