பதினோரு விநாடியும் ஒரு ஜார்ஜியாக்காரியும்

ஓர் உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவுக்காக நான் ஜூடோ விளையாடிய மொத்த நேரம் பதினோரு விநாடி. (மேடையில் என்னை "சர்வதேச வீராங்கனை" என்று அறிமுகப்படுத்தும்போது நான் தரையைப் பார்ப்பது அடக்கத்தினால் அல்ல.)

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஊர் கருமத்தம்பட்டி. வீட்டுக்குப் பின்னாலேயே அப்பாவின் எட்டு விசைத்தறிகள். கோயமுத்தூரில் கல்லூரி படிக்கும்போது ஹாஸ்டல் சாப்பாட்டிலிருந்து தப்பிக்கத்தான் ஜூடோவில் சேர்ந்தேன். (விளையாட்டுப் பிள்ளைகளுக்குத் தினமும் முட்டை உண்டு.) சேர்ந்த ஆறே மாதத்தில் முட்டை மறந்துவிட்டது, ஜூடோ பைத்தியம் பிடித்துவிட்டது. தேசியப் போட்டியில் வெண்கலம் வாங்கினேன். தங்கம் வாங்கியவளுக்கு முழங்கால் போயிற்று. வெள்ளி வாங்கியவளின் பாஸ்போர்ட் காலாவதியாயிற்று. அப்படித்தான் தாஷ்கண்டில் நடந்த ஒரு சர்வதேசப் போட்டிக்கு, நாட்டின் மானம் வேறு வழியில்லாமல் என்னோடு விமானம் ஏறியது.

ஊரே அமர்க்களப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் நோயாளிகளுக்கும் மழைக்கும் நடுவில் எனக்காகவும் ஒரு மன்றாட்டு. அம்மா தன் பங்குக்கு, நான் வாங்கி வைத்திருந்த புது ஜூடோ உடைகள் இரண்டையும், வெள்ளை ஒன்று, நீலம் ஒன்று, எனக்குத் தெரியாமல் எடுத்துக் கொதிக்கிற தண்ணீரில் அலசி, கஞ்சி போட்டு, இஸ்திரி பண்ணி, பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார்.

"அங்க போய்ப் பிரி அம்மணி. இப்பப் பிரிச்சீன்னா கசங்கிப்போயிரும்."

நானும் பிரிக்கவில்லை. அம்மா பேச்சைத் தட்டாத பெண் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. வாழ்க்கையில் அதை நான் தப்பான நேரத்தில் காப்பாற்றிய சந்தர்ப்பம் அது ஒன்றுதான்.

ஜூடோ போட்டியில் களத்தில் இறங்குவதற்கு முன் உடையை அளந்து பார்ப்பார்கள். கையை முன்னால் நீட்டினால் சட்டைக் கை மணிக்கட்டு வரை வரவேண்டும். நான் நீட்டினேன். என் சட்டைக் கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழே வந்து, அதற்கு மேல் வர விருப்பமில்லாமல் நின்றுவிட்டது. அளக்கிற அம்மாள் அதைப் பிடித்து இழுத்தார். கஞ்சி மொறமொறவென்று சத்தம் போட்டது. அவர் பயந்து கையை எடுத்துவிட்டார். பெட்டியில் இருந்த நீல உடையும் அதே கதைதான்.

அங்கே மாற்று உடை வைத்திருப்பார்கள். எனக்குக் கிடைத்தது என்னைப் போல ரெண்டு பேர் குடித்தனம் நடத்தலாம் என்கிற அளவில் ஒன்று. அதைவிடக் கொடுமை, உடையில் தப்பு வந்தால் பயிற்சியாளர் பக்கத்தில் உட்காரக்கூடாதாம். எங்கள் கோச் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பார்வையாளர் பக்கம் நடந்தார். நான் தனியாகக் களம் ஏறினேன்.

எதிரே ஒரு ஜார்ஜியாக்காரி. நீனோ என்று வைத்துக்கொள்வோம். என் வயதுதான், என் எடைதான். ஆனால் அவள் நின்ற விதத்தைப் பார்த்தால் தரைக்கு அடியிலும் இன்னொரு பாதி இருக்கும் போலிருந்தது.

நடுவர் "ஹஜிமே" என்றார். அதாவது ஆரம்பி. சட்டைக் கைக்குள் என் கை எங்கே இருக்கிறது என்று நான் தேடிக்கொண்டிருந்தபோது, அவள் கை என் தோளுக்கு மேலாக வந்து, முதுகு வழியாக இறங்கி, என் பெல்ட்டைப் பிடித்துவிட்டது. மேட்டுப்பாளையம் மண்டியில் உருளைக்கிழங்கு மூட்டை தூக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களாவது தூக்குவதற்கு முன் ஒரு மூச்சு விடுவார்கள். நான் கூரை விளக்குகளைப் பார்த்தேன். பிறகு முதுகில் ஒரு பெரிய சத்தம் கேட்டது. அது நான்தான்.

"இப்பான்!" என்றார் நடுவர். முழுப்புள்ளி, ஆட்டம் முடிந்தது.

நீனோ என்னைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். வணங்கிவிட்டுப் போயிருக்கலாம். போகாமல், தொங்கிக்கொண்டிருந்த என் சட்டைக் கையை, பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்புகிற தாய் மாதிரி, ஒரு மடிப்பு மடித்துவிட்டாள். அதற்குத்தான் எனக்கு அழுகை வந்தது.

ஊரில் நடந்தது பிறகு தெரிந்தது. சொந்தக்காரர்கள் எல்லோரும் எங்கள் வீட்டு டிவி முன்னால் கூடியிருக்கிறார்கள். தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அப்பா பெரிய வெள்ளிக்கிழமை தவிர வேறு எதற்கும் தானாகத் தறியை நிறுத்தாதவர். அன்றைக்கு நிறுத்தினார். ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு ஓடி வந்து, "ஆரம்பிச்சாச்சுங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

அதற்குள் டிவியில் அடுத்த ஜோடி களம் ஏறிவிட்டதாம்.

அன்று மாலை போன் செய்தேன். அப்பாதான் எடுத்தார்.

"முப்பது வருசமா துணி நெய்யறேன் கண்ணு. என்ற ஊட்டுலயே துணி சுருங்குமுன்னு தெரியாமப் போச்சே."

பின்னாலிருந்து அம்மாவின் குரல்: "கஞ்சி கொஞ்சம் தூக்கலாப் போச்சான்னு கேளுங்க!"

அதன்பிறகு என்னை யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பவில்லை. அடுத்த வருஷம் தங்கக்காரியின் முழங்கால் சரியாயிற்று, வெள்ளிக்காரிக்குப் பாஸ்போர்ட் வந்தது. நான் பி.எட். மாதிரி எதையோ படித்து, சூலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை ஆனேன். கல்யாணம் ஆயிற்று.

ஆனால் நீனோவை நான் விடவில்லை. அவள் அன்றைக்குத் தங்கம் வாங்கினாள். எனக்கு அதில் கர்வம். (அவளுக்கு நான் கொடுத்த சிரமம் பூஜ்யம். இருந்தாலும் முதல் படி நான்தானே?) பன்னிரண்டு வருஷமாக அவள் எங்கே விளையாடினாலும் போனில் தேடிப் பார்த்தேன். அவள் ஐரோப்பாவில் வெண்கலம் வாங்கியபோது பள்ளியில் மிட்டாய் கொடுத்தேன். யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டார்கள். உலகப் போட்டியில் இறுதி வரை போய்க் கடைசி நிமிடத்தில் தோற்றபோது ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவளுக்குத் தோளில் அறுவைச் சிகிச்சை நடந்த செய்தியைச் சொன்னதும், அதுவரை அவளை "அந்தத் தடிச்சி" என்றே சொல்லிவந்த அம்மா, கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தார்.

"என்னத்துக்கு அவமேல உனக்கு இத்தனை ஆசை?" என்று என் வீட்டுக்காரர் அருள் ஒருமுறை கேட்டார்.

அந்தப் பதினோரு விநாடியில் அவள் என்னைப் பிடித்ததுபோல, அவ்வளவு முழுக் கவனத்தோடு வாழ்க்கையில் யாரும் என்னைப் பிடித்ததில்லை. இதைப் புருஷனிடம் சொல்ல முடியுமா? "சும்மாதானுங்க" என்றேன். அவள் ஜெயிக்கிற ஒவ்வொரு தடவையும், சரியான அளவுச் சட்டை போட்டுக்கொண்டு எதிரே நான் நிற்பதாக நினைத்துக்கொள்வேன். நினைப்பில்கூட நான் ஜெயித்ததில்லை. ஆனால் ஒரு முழு ஆட்டத்தின் நாலு நிமிடமும் நின்றிருக்கிறேன்.

போன வருஷம் ஒரு ஞாயிறு மதியம் அவளுடைய கடைசி ஆட்டம். வெண்கலத்துக்கானது. அவளைவிடப் பத்து வயது சின்னப் பெண் ஒருத்தி அவளைப் பெயர்த்துப் போட்டாள். நீனோ வணங்கினாள். உடனே இறங்கிப் போகவில்லை. குனிந்து களத்து விரிப்பை ஒரு கையால் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் மண்டியிட்டிருந்தாள். நான் மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அன்று முதல்முறையாக அவளுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். என் உடைந்த ஆங்கிலத்தில் முழுக் கதையும்: தாஷ்கண்ட், கஞ்சி, பெரிய சட்டை, அவள் மடித்துவிட்ட கை, பன்னிரண்டு வருஷம். ரெண்டு பக்கம் வந்தது.

மறுநாள் பள்ளி மைதானத்தில் நிற்கும்போது பதில் வந்தது. என்னுடையதைவிட உடைந்த ஆங்கிலம்.

"மன்னித்துவிடு சகோதரி. எனக்கு ஞாபகமே இல்லை. நான் ஜெயித்தேனா?"

சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே, நேற்றுத் தோற்றவள் கேட்கிற கேள்வி இது என்பது உறைத்தது. பிள்ளைகளை ரெண்டு சுற்று ஓடச் சொல்லிவிட்டு, மர நிழலில் உட்கார்ந்து பதில் எழுதினேன்.

"ஆமாம். மிக அழகாக ஜெயித்தீர்கள். அப்படி ஒரு வீச்சை நான் அதற்குப் பிறகு பார்த்ததே இல்லை."

அவள் ஒரு இதயம் அனுப்பினாள். அவ்வளவுதான் எங்கள் சிநேகம்.

இதை வீட்டில் சொன்னது என் அடுத்த தப்பு. இப்போது அருள் சண்டை முடிந்ததும் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "ஞாபகமில்லீங்க, நான் ஜெயிச்சேனா?" என்கிறார். அப்பா கேரம் ஆடித் தோற்றால் அதைத்தான் கேட்கிறார். போன வாரம் அம்மாகூடக் காய்க்காரரிடம் பேரம் பேசித் தோற்றுத் திரும்பி வந்து, படியேறும்போதே கேட்டார்.

"ஆமாங்க, அழகா ஜெயிச்சீங்க" என்று எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்கிறேன். எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். சிரித்துக்கொண்டே சமையலறைக்குள் போய், யாரும் பார்க்காதபோது, அன்று நீனோ நின்றதுபோல, கால்களை அகட்டி ஒரு தடவை நின்று பார்க்கிறேன்.