வெர்ன் ஹாலிக் வருகிறார்

டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, நெப்ராஸ்காவில் உள்ள ஒரு கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அலுவலகத்தை வில்டா ஸ்ட்ரோபன் திறந்தபோது உள்ளே காபி இயந்திரம் இல்லை. தலைமைப் பயிற்சியாளர் டெக்ஸ்டர் லூகனும் இல்லை. துணைப் பயிற்சியாளர்கள் ஆறு பேரும் இல்லை. இத்தனையில் அவள் முதலில் கவனித்தது காபி இயந்திரத்தைத்தான்.

சனிக்கிழமைதான் லூகன் பையன்களை உணவுக்கூடத்தில் வரிசையாக நிற்கவைத்து, நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று கண்கலங்கப் பேசியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை தெற்கே ஒரு பெரிய பல்கலைக்கழகம் கூப்பிட்டது. குடும்பத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டார். போகும்போது நன்றாக ஆடுகிற பையன்களாகப் பொறுக்கி ஒன்பது பேரைக் கூடவே கூட்டிக்கொண்டு போனார்.

மிச்சமிருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? மத்தியானத்துக்குள் முப்பத்தொரு பேர் மாறுதல் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பட்டியலில் ஒரு பையனின் பெயர் ஏறிவிட்டால் நாட்டிலுள்ள எந்தக் கல்லூரியும் அவனைக் கூப்பிட்டு ஆசை காட்டலாம். எண்பத்தெட்டு பேர் இருந்த அணியில் நாற்பத்தெட்டு பேர் தேறினார்கள்.

விளையாட்டுத் துறை இயக்குநர் ஓர்சன் ப்ளைத் இரண்டு மணிக்கு வந்தார். முடிவெடுக்க வேண்டிய இடத்திலெல்லாம் தொண்டையைச் செருமிக்கொள்கிற மனிதர். இப்போதும் செருமிக்கொண்டார். ஜனவரி இருபதாம் தேதி அறங்காவலர் கூட்டம் நடக்கிறது. அன்றைக்கு அணிப் பட்டியலில் அறுபது பெயர் இல்லாவிட்டால் கல்லூரியில் கால்பந்தையே நிறுத்திவிடுவார்கள். அதனால் வில்டா இப்போதிருந்தே சட்டைகளையும் தலைக்கவசங்களையும் பெட்டியில் கட்ட ஆரம்பித்தால் நல்லது என்றார்.

வில்டாவுக்கு வயது ஐம்பத்து நான்கு. அந்த அலுவலகத்தில் பத்தொன்பது வருடம். நான்கு பயிற்சியாளர்களைப் பார்த்துவிட்டாள். பேருந்து ஏற்பாடு, சாப்பாடு, வகுப்பு நேரம், யாருக்கு எந்த அளவுச் சட்டை எல்லாம் அவள் கையில்தான். ஆட்டப் பதிவுகளை உட்கார்ந்து பார்த்து, துண்டு துண்டாக வெட்டி, இன்னார் செய்த தப்பு இது என்று எழுதி வைக்கிறவளும் அவள்தான். பயிற்சியாளர்கள் அதைப் பார்த்துப் படித்துவிட்டு மைதானத்தில் போய்க் கத்துவார்கள்.

"பெட்டி கட்டறதுக்கு வேற ஆளைப் பாருங்க சார்," என்றாள். "எனக்கு போன் பண்ற வேலை இருக்கு."

முதலில் டெமாரியன் க்ரோவைக் கூப்பிட்டாள். பட்டியலில் பெயர் கொடுத்திருந்த, முன்வரிசையில் நிற்கிற பையன். ஆறடி ஐந்து அங்குலம். கதவு வழியாக வருவதற்குக் கொஞ்சம் திரும்பித்தான் வருவான். அவன் இருந்தால் இன்னும் பத்துப் பேர் இருப்பார்கள்.

அவன் மரியாதையாகத்தான் பேசினான். போக ஆசையில்லை, ஆனால் யாருக்காக ஆடுவது என்று தெரியாமல் எப்படி இருப்பது என்றான்.

"புது கோச் உன்னைத்தான் முதல்ல கேட்டார்," என்றாள் வில்டா.

"யாரு மிஸ் அது?"

வில்டா சுவரைப் பார்த்தாள். விதைக்கடைக்காரன் கொடுத்த நாட்காட்டி தொங்கியது. கடையின் பெயர் ஹாலிக்.

"ஹாலிக். வெர்ன் ஹாலிக்."

எங்கே இருந்தவர் என்று கேட்டான். கனடாவில் என்றாள். நெப்ராஸ்காவில் யாரும் கனடாவுக்குப் போய் விசாரிக்க மாட்டார்கள் என்பது அவள் கணக்கு. அவர் நம்பர் கேட்டான். அவருக்கு போனில் பேசுவது பிடிக்காது, எல்லாம் கடிதம்தான் என்றாள். கடிதம் எழுதுகிற பயிற்சியாளரா என்று மலைத்துப்போய், பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவதாகச் சொன்னான்.

சொன்னது பொய்தான். ஒரு வாரம்தானே, அதற்குள் ப்ளைத் நிஜமான ஓர் ஆளைப் பிடித்துவிடுவார், ஹாலிக் மனசு மாறிவிட்டார் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

ஆனால் கடிதம் என்று சொல்லிவிட்டாளே, எழுதித்தானே ஆகவேண்டும்? அன்று மாலையே உட்கார்ந்து டெமாரியனுக்கு எழுதினாள். 'க்ரோ, ஒவ்வொரு முறையும் பந்து புறப்படுவதற்கு முன்பே நீ இடது காலைப் பின்னால் இழுத்துவிடுகிறாய். எந்தப் பக்கம் போகப்போகிறாய் என்று எதிராளிக்குத் தந்தி அடித்ததுபோல ஆகிறது. மூன்று வருடமாக இதை உனக்கு யாரும் சொல்லவில்லையா?' கீழே வி. ஹாலிக் என்று கிறுக்கி அவனுடைய அலமாரியில் செருகினாள்.

மறுநாள் அந்தக் கடிதத்தை அணி முழுக்கப் படித்துவிட்டது. மற்றவர்கள் அலுவலக வாசலில் வந்து நின்றார்கள். அவனுக்கு மட்டும் திட்டு, எங்களுக்கு இல்லையா என்று கேட்டார்கள். லூகன் எல்லோரையும் 'தம்பி' என்றே கூப்பிட்டு வந்தவர். பாதிப் பேரின் பெயர் அவருக்குத் தெரியாது. ஹாலிக்குக்கோ எவன் எந்த ஆட்டத்தில் எந்தத் தோளைச் சாய்த்தான் என்பதுவரை தெரிந்திருந்தது. நான்கு நாளில் வில்டா ஐம்பத்தேழு கடிதம் எழுதினாள். ஒன்றிலும் பாராட்டு இல்லை. இருபத்திரண்டு பேர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்தார்கள்.

ஆக எழுபது பேர். அவள் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் விடவில்லை. ஹாலிக் வருவது உண்மையா என்று கேட்டான்.

"அதைப் பத்தி நான் எதுவும் சொல்றதுக்கில்ல," என்றாள். அது உண்மைதான். ஆனால் அந்தத் தொழிலில் அப்படிச் சொன்னால் ஆமாம் என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமை பத்திரிகையில் பெரிதாக வந்தது. பக்கத்து ஊர்க் கல்லூரிப் பயிற்சியாளர் ஒருவர், ஹாலிக்கின் அணியோடு தான் மோதியிருப்பதாகவும், லேசில் விட்டுக்கொடுக்காத ஆள் என்றும் பேட்டி வேறு கொடுத்திருந்தார்.

ப்ளைத் அந்தச் செய்தியைப் படித்தார். அறங்காவலர் குழுத் தலைவி ஹார்கிரேவ் அம்மாள் தன்னைக் கேட்காமலே ஆளை எடுத்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தார். தனக்குத் தெரியாது என்று காட்டிக்கொண்டால் கௌரவம் என்னாவது? உடனே அந்த அம்மாளைக் கூப்பிட்டு, அருமையான தேர்வு என்றார். அந்த அம்மாளோ ப்ளைத் எடுத்திருக்கிறார் என்று நினைத்து, தானும் நல்லவிதமாகக் கேள்விப்பட்டிருப்பதாகச் சொன்னார். இருவரும் ஒருவரையொருவர் மெச்சிக்கொண்டு போனை வைத்தார்கள். வேலைக்கு விண்ணப்பித்திருந்த பதினான்கு பயிற்சியாளர்களுக்கும், இடம் நிரம்பிவிட்டது என்று அன்றைக்கே கடிதம் போயிற்று.

அந்தப் பதினான்கையும் தட்டச்சு செய்தவள் வில்டாதான். ஒவ்வொன்றாக உறையில் போட்டு அவளே ஒட்டினாள். இனி நிஜ ஆள் வரப்போவதில்லை.

இதற்கு நடுவில் ஒரு கடிதத்தில், 'உதைப்பவனை மதிக்காத அணி உருப்படாது' என்று ஒரு வரி எழுதியிருந்தாள். அமெரிக்கக் கால்பந்தில் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதுதான் ஆட்டம்; எப்போதாவது வந்து பந்தை உதைக்கிறவன் எந்த அணியிலும் ஓரத்தில் ஒதுங்கி நிற்கிற பிராணி. அந்த வரி எப்படியோ வெளியே பரவி, ஆறு மாநிலங்களிலிருந்து ஆறு உதைப்பவர்கள் மாறுதல் கேட்டு வந்து இறங்கினார்கள். ஓர் அணிக்கு ஒருவன் போதும். ஆறு பேரும் மைதானத்தில் தினமும் உதைத்துக்கொண்டே இருந்தார்கள். வாகனம் நிறுத்துமிடத்தில் மூன்று கண்ணாடி போயிற்று.

ஜனவரி இருபது வந்தது. பட்டியலில் எழுபத்தாறு பெயர். ஹார்கிரேவ் அம்மாள், கூட்டத்துக்கு ஹாலிக்கையும் அழைத்து வரச் சொல்லியிருந்தார்.

கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு வில்டா ப்ளைத்தின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"சார், ஹாலிக்னு ஒரு ஆளே கிடையாது."

"என்ன பேசறீங்க? போன வாரம்தான் அவரோட உட்கார்ந்து ஸ்டேக் சாப்பிட்டேன்," என்றார் ப்ளைத். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது உறைத்தது. தொண்டையைச் செருமப் போனார். வரவில்லை.

"அப்படின்னு ஹார்கிரேவ் அம்மாகிட்ட சொல்லியிருக்கீங்களா?"

தலையை ஆட்டினார். கனடாவைப் பற்றிக்கூட ஏதோ பேசிக்கொண்டிருந்ததாகச் சொல்லியிருந்தாராம்.

வில்டாவுக்கு இதுவரை இருந்த பயம் அந்த இடத்தில் விட்டுப்போயிற்று. தான் சொன்ன பொய் ஒன்று. அதைச் சுற்றிப் பெரிய மனிதர்கள் கட்டியது ஒரு மாளிகை.

"அப்ப உங்களுக்கு ரெண்டு வழிதான். யாரோட ஸ்டேக் சாப்பிட்டீங்கன்னு அந்த அம்மாகிட்ட விளக்கலாம். இல்ல, ஹாலிக் கடைசி நேரத்துல விலகிட்டார்னு சொல்லிட்டு என்னை இடைக்காலப் பயிற்சியாளரா போடலாம். இந்த அணியைச் சேர்த்தவ நான். ஒவ்வொருத்தன் காலும் எங்க போகும்னு எனக்குத் தெரியும். இன்னொரு லூகன் வந்து குடும்பம் குடும்பம்னு அழறதை நின்னு பார்க்க என்னால முடியாது."

"நீங்க ஆபீஸ் வேலை பார்க்கறவங்க, வில்டா."

"லூகனுக்கு நான் எழுதிக் கொடுக்காத ஒரு வாக்கியம் அவர் வாயிலேர்ந்து வந்திருக்கா? அந்தக் குடும்பப் பேச்சைத் தவிர?"

ப்ளைத் யோசித்துப் பார்த்தார். வந்ததில்லை.

கூட்டத்தில் ஹார்கிரேவ் அம்மாளுக்கு ஹாலிக் விலகியது பெரிய வருத்தம். மூவாயிரம் ஏக்கரில் சோளம் போடுகிறவர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. போன வருடம் கடைசி ஆட்டத்தில் ஏன் தோற்றோம் என்று வில்டாவைக் கேட்டார். வில்டா எழுந்து நின்று நாற்பது நிமிடம் சொன்னாள். இடையில் யாரும் இருமக்கூட இல்லை. முடிந்ததும் அந்த அம்மாள், இந்தப் பொம்பளையை இத்தனை நாள் சட்டை மடிக்க வைத்திருந்தது யார் என்று கேட்டார். ப்ளைத் சன்னல் வழியாக வெளியே பார்த்தார்.

அணியிடமாவது உண்மையைச் சொல்லிவிடுவது என்று வில்டா தீர்மானித்தாள். மறுநாள் எழுபத்தாறு பேரையும் உட்காரவைத்து, ஹாலிக் என்று யாரும் இல்லை, அந்தப் பெயர் விதைக்கடையிலிருந்து எடுத்தது, கடிதம் எழுதியது தான், போகிறவர்கள் தாராளமாகப் போகலாம், இப்போதே கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன் என்றாள். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் குரல் உடைந்துவிடும் என்று பயம்.

டெமாரியன் எழுந்தான். அவன் எழுந்ததும் பின்னாலிருந்த இரண்டு வரிசைக்கு அவள் தெரியவில்லை.

"என் இடது காலைப் பத்தி எழுதினது நீங்களா மிஸ்?"

"நான்தான்."

"மூணு வருஷமா தெரியுமா?"

"மூணு வருஷமா லூகனுக்கு எழுதிக் கொடுத்தேன். அவர் அந்தப் பக்கத்தைத் திருப்பலை."

அவன் குனிந்து தன் இடது காலைப் பார்த்தான். "அப்ப எத்தனை மணிக்குப் பயிற்சி?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தான்.

ஐந்து பேர் போனார்கள். எழுபத்தொரு பேர் நின்றார்கள். உதைப்பவர்கள் ஆறு பேரில் ஒருவன்கூட அசையவில்லை.

பிப்ரவரி முதல் செவ்வாய்க்கிழமை பத்திரிகையில் செய்தி வந்தது: ஹாலிக் விலகல், வில்டா ஸ்ட்ரோபன் பொறுப்பேற்பு. ஒரு பெண்ணா என்று ஊருக்குள் நாலு பேர் கேட்டார்கள். ஆமாம், செப்டம்பரில் ஆட்டங்கள் தொடங்கும்போது வந்து பாருங்கள் என்று அவள் நாலு பேருக்கும் பதில் சொன்னாள். மத்தியானம் மேசையில் சில்லி என்கிற காரமான பீன்ஸ் குழம்பும் பட்டை போட்ட இனிப்பு ரொட்டியும் வைத்துச் சாப்பிட உட்கார்ந்தபோது போன் அடித்தது.

ஒரு பெண்ணின் குரல். தெற்கே அந்தப் பெரிய பல்கலைக்கழகத்தின் கால்பந்து அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறவள் என்று அறிமுகப்படுத்திக்கொண்டாள். மரியாதைக்காக லூகன் எப்படி இருக்கிறார் என்று கேட்டாள் வில்டா. லூகன் நேற்றே கிளம்பிவிட்டார் என்றாள் அந்தப் பெண். இன்னும் பெரிய இடமாம். வந்து ஏழு வாரம்கூட ஆகவில்லை. இருபத்திரண்டு பையன்களை அழைத்துக்கொண்டு போயிருக்கிறார். மிச்சமிருக்கிறவர்கள் காலையிலிருந்து பட்டியலில் பெயர் கொடுக்க வரிசையில் நிற்கிறார்கள்.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "ஹாலிக் உங்ககிட்டேர்ந்து விலகிட்டார்னு பேப்பர்ல பார்த்தேன். அப்படின்னா அவரை நாங்க எடுத்துக்கலாமா?"

வில்டா கரண்டியைக் கீழே வைத்தாள். தன்னைப் போலவே ஒருத்தி, அவளிடம் மறைக்க மனசு வரவில்லை.

"உங்ககிட்ட சொல்றதுக்கென்னம்மா. அப்படி ஒரு ஆளே கிடையாது."

"தெரியும்மா, காலையிலேர்ந்து தேடிப் பார்த்துட்டுத்தான் கூப்பிடறேன்," என்றாள் அவள். "இல்லாத ஆள்னா, எங்களை விட்டுட்டு ஓடிப்போக மாட்டார்ல."