இரண்டே அணுவுக்கு மூன்று நாள்

நிவித்திகலப் பக்கம் எங்கள் தோட்டத்தில் சோற்றுக்கும் விஞ்ஞானத்துக்கும் பகை மூட்டிய ஒரே மனிதன் ஐதரசன்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. வாயைத் திறந்தால் ஐதரசன் மூலக்கூறு, அதாவது ஹைட்ரஜன் மூலக்கூறு, என்பான். தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயமே அவனை அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது.

எனக்குப் பக்கத்து அறை, எங்கள் பேச்சில் காம்பரா. நடுச்சுவர் கூரை வரை போகாது. நாங்கள் தும்மினால் அவனுக்குக் கேட்கும். மின்சாரமும் இரண்டு வீட்டுக்கும் ஒரே வயர். நாங்கள் ரைஸ் குக்கரைப் போட்டால் ட்ரிப் ஆகிவிடும். பேட்டரி செத்த அவனுடைய மடிக்கணினியும் அணைந்து, கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

“அண்ணே, மூணு நாளைக்குக் குக்கரப் போட்டுறாதீங்க!”

என் வீட்டில் என் அரிசி வேக இவன் அனுமதி வேண்டுமாம்!

“அப்படி என்னடா கணக்கு?”

“ஐதரசன் மூலக்கூறுல ரெண்டு அணுண்ணே. ஸ்பிரிங்ல கட்டுன மாதிரி ஆடும். ஆனா இஷ்டத்துக்கு ஆட முடியாது. சக்தி படிப்படியாத்தான் ஏறும், ரெண்டு படிக்கு நடுவுல நிக்காது. ஒவ்வொரு படியும் எங்க இருக்குன்னு பாக்குறேன்.”

“ரெண்டு அணுவுக்கு மூணு நாளா? எங்க வீட்டுல ஏழு பேரு ஆடுறாங்க, என் பொஞ்சாதி ஒரு பார்வையில அடக்கிடுறா!”

வெள்ளிக்கிழமைக்குள் விடையை அனுப்பாவிட்டால் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி இடம் போய்விடும் என்றான். அந்த வாரம்தான் கோயில் திருவிழாவும். ஒலிபெருக்கிக்காரன் எங்கள் லயத்தில் வயரைச் செருகியபோது இவன் இடுப்பில் கட்டிய லுங்கிச் சாரத்தோடு ஓடினான். “மல்லி, பொட்டக் இன்னகோ!” என்று, தம்பி, கொஞ்சம் பொறு என்று சிங்களத்தில் கெஞ்சினான். அவன் பொறுக்கவில்லை. ஒலிபெருக்கி செட் அலறியது, மின்சாரம் போனது. ஐதரசன் வாசற்படியில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதான்.

என் மனைவி எழுந்தாள். “விறகடுப்பு இருக்குல்ல? வெள்ளிக்கிழம வரைக்கும் எவனும் பிளக்குல கை வைக்கப்படாது!” செட்டுக்காரன் மூட்டை கட்டினான். அம்மனுக்கு வெறும் தப்பு மேளம்தான். எனக்கு டிவியில் கிரிக்கெட்டும் போச்சு. மூன்று நாள் புகை நாறும் சோறு தின்றேன். இது என்ன நியாயம், நீங்களே சொல்லுங்கள்!

வெள்ளிக்கிழமை காலை சுவருக்கு மேலே கூச்சல். “அண்ணே, சரியா வந்துருச்சு! புத்தகத்துல இருக்கிற அதே விடை!”

“புத்தகத்துல இருக்கா?”

“சோதனை செஞ்சு எப்பவோ கண்டுபிடிச்சதுண்ணே. என் கணக்கும் அங்கயே வந்து நிக்குதான்னுதான் பாத்தேன்.”

தெரிந்த விடைக்கா நான் புகையைத் தின்றேன்! அன்று முழுக்க அவனோடு பேசவில்லை.

இடம் கிடைத்துப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டான். காம்பரா பூட்டிக் கிடக்கிறது. குக்கரை இப்போது நினைத்த நேரத்தில் போடலாம். இருந்தும் போடுவதற்கு முன்னால், “போடவாடா?” என்று சுவரைப் பார்த்துக் கேட்டுவிடுகிறேன். படுபாவி, பதிலே சொல்வதில்லை.